பாம்பு பிடிப்பவர் பேசினார், கூட்டம் கேட்டது!

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பது பழமொழி.

ஆனால், இங்கே ஒரு மனிதர் நடுங்கவில்லை. அவர் கையில் வளைந்த கம்பி ஒன்று இருக்கிறது. வேறு ஆயுதம் எதுவும் இல்லை.

எதிரே ஒரு மண் பானை. பானையின் வாயைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். அவர் துணியை அவிழ்க்கிறார். பானையைச் சாய்க்கிறார். உள்ளே இருந்து ஒரு நல்ல பாம்பு சரசரவென்று வெளியே வருகிறது. படம் எடுத்து ஆடுகிறது!

சுற்றுச் சுவருக்கு வெளியே நிற்கும் கூட்டம் மூச்சுக் காட்டவில்லை. குழந்தைகள் அம்மாவின் சேலையைப் பிடித்துக் கொள்கின்றன.

அவர் பாம்பின் தலையைப் பக்குவமாகப் பிடிக்கிறார். ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதன் வாயில் மெல்லிய தோல் போன்ற மூடி. பாம்பு அந்த மூடியைக் கடிக்கிறது. கிண்ணத்துக்குள் ஒரு துளி, இரண்டு துளி விஷம் விழுகிறது.

அந்தத் துளிதான் பின்னால் மருந்தாக மாறுகிறது. பாம்பு கடித்த மனிதனைக் காப்பாற்றுகிறது.

இந்தக் காட்சி நடக்கும் இடம் எது தெரியுமா? செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வடநெம்மேலி. சென்னையில் இருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. அங்கே முதலைப் பண்ணை இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பண்ணைக்குள்ளேதான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுக்கிறது.

மாமல்லபுரம் போகிறவர்கள் வழியில் இறங்கி, இதை ஒரு வேடிக்கை என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஆனால், இது வெறும் வேடிக்கை அல்ல. பாடம்! பாம்பைப் பற்றிய பாடம் மட்டும் அல்ல. நல்ல காரியம் செய்கிற ஒரு சங்கம் மக்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கும் இது ஒரு பாடம்.

நாள் ஒன்றுக்கு 160 உயிர்

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள்.

2000-ம் ஆண்டில் இருந்து 2019-ம் ஆண்டு வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். இந்தக் கணக்கு 2020-ல் வெளிவந்தது.

ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம் பேர். அதாவது, நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 160 பேர்!

ஒரு நாளில் 160 பேர் ரயில் விபத்தில் இறந்தால், நாடே அலறும். பாம்புக் கடியில் இறப்பவர்கள் ஒரே இடத்தில் இறப்பது இல்லை. ஒருவர் வயலில் இறக்கிறார். ஒருவர் குடிசையில் இறக்கிறார். ஒரு குழந்தை பாயில் தூங்கும்போது இறக்கிறது. அதனால், சத்தம் வெளியே கேட்பது இல்லை.

இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். நாலில் ஒருவருக்கு மேல் 15 வயது நிரம்பாத பிள்ளைகள். ஏறக்குறையப் பாதிச் சாவுகள் மழைக் காலத்தில் நடந்தவை.

இதைவிட வேதனையான விஷயம் ஒன்று உண்டு.

2011-ல் வெளிவந்த மற்றொரு ஆராய்ச்சி, பாம்பு கடித்து இறந்தவர்கள் எங்கே இறந்தார்கள் என்று பார்த்தது. 100 பேரில் 77 பேர் ஆஸ்பத்திரிக்கு வெளியேதான் இறந்திருந்தார்கள்!

பாம்புக் கடிக்கு மருந்து இல்லாமல் இல்லை. 1895-லேயே ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் விஷமுறிவு மருந்தைக் கண்டுபிடித்து விட்டார். இந்தியாவிலும் நெடுங்காலமாக அந்த மருந்து தயாராகிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் அது இலவசம்.

பிறகு ஏன் இத்தனை சாவு?

தூரம் ஒரு காரணம். வறுமை ஒரு காரணம். மருந்து கையிருப்பு இல்லாத இடமும் உண்டு. ஆனால், இன்னொரு காரணம் இருக்கிறது.

மருந்து இருக்கிறது, சேதி போய்ச் சேரவில்லை!

கடித்தவுடன் மந்திரிப்பவரிடம் போகிறார்கள். பச்சிலை தேடுகிறார்கள். கடிவாயைக் கத்தியால் கீறுகிறார்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். அதற்குள் நேரம் ஓடிவிடுகிறது.

ஆகவே, பாம்புக் கடியில் மருந்தைப் போலவே பேச்சும் உயிர் காக்கும்.

தோல் போனது, தொழில் போனது

இருளர்கள் தமிழ்நாட்டின் பழங்குடி மக்கள். எலி பிடிப்பதிலும் பாம்பு பிடிப்பதிலும் கைதேர்ந்தவர்கள். மண்ணில் உள்ள தடத்தைப் பார்ப்பார்கள். உரித்துப் போட்ட சட்டையைப் பார்ப்பார்கள். "இந்த வளையில் இந்தப் பாம்பு இருக்கிறது" என்று சொல்லி விடுவார்கள்.

ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கி. கைப்பை, செருப்பு, இடுப்பு வார் செய்ய அது பயன்பட்டது. இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோல் வியாபாரிகளுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கூலியில் குடும்பம் நடந்தது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது.

பாம்புகளுக்கு அது நல்ல காலம். இருளர்களுக்கு? அடுப்பு அணைந்தது.

அப்போதுதான் ரோமுலஸ் விட்டேக்கர் என்பவர் ஒரு யோசனை சொன்னார். இவர் அமெரிக்காவில் பிறந்தவர். சிறு பையனாக இந்தியாவுக்கு வந்தவர். சென்னை கிண்டியில் உள்ள பாம்புப் பண்ணையும், 1976-ல் தொடங்கிய வடநெம்மேலி முதலைப் பண்ணையும் இவர் முயற்சியால் உருவானவை. பாம்புகளைப் பற்றி இவர் இருளர்களிடம் நிறையக் கற்றுக்கொண்டவர்.

பாம்பைக் கொன்று தோலை விற்பதை விட, உயிரோடு பிடித்து விஷத்தை எடுத்து விற்றால் என்ன? பாம்பும் பிழைக்கும். இருளரும் பிழைப்பார். கடிபட்டவரும் பிழைப்பார்.

1978-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சங்கம் பதிவானது. இப்போது அதில் ஏறக்குறைய 350 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆண்களும் பெண்களும் உறுப்பினர்கள்.

நான்கு பாம்புகள்

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உண்டு. பெரும்பாலானவற்றால் மனிதனுக்கு ஆபத்து இல்லை. மிகுதியான சாவுகளுக்குக் காரணம் என்று மருத்துவர்கள் சொல்பவை நான்கு.

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

சங்கம் பிடிப்பது இந்த நான்கையும்தான். ஆண்டுக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை அனுமதி கொடுக்கும். அந்த எண்ணிக்கைக்கு மேல் பிடிக்கக் கூடாது.

பிடித்த பாம்பைப் பானையில் வைப்பார்கள். வாரம் ஒரு முறை விஷம் எடுப்பார்கள். நாலு தடவை எடுத்ததும், பாம்பைக் காட்டில் விட்டு விடுவார்கள். விடுமுன் வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் இடுவார்கள். அதே பாம்பை மறுபடியும் உடனே பிடித்து விடாமல் இருப்பதற்காக!

எடுத்த விஷத்தை உறைய வைத்து, நீரை நீக்கித் தூளாக்குகிறார்கள். அந்தத் தூள் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அங்கே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைகளுக்கு ஊசி மூலம் செலுத்துகிறார்கள். குதிரையின் ரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் சக்தி உண்டாகிறது. அதைப் பிரித்து எடுத்து மருந்து ஆக்குகிறார்கள்.

இந்தியாவில் விஷமுறிவு மருந்துக்குத் தேவைப்படும் விஷத்தில் மிகப் பெரும் பங்கு இந்த ஒரு சங்கத்தில் இருந்துதான் போயிருக்கிறது. இமயமலை ஓரத்தில் ஓர் உயிர் பிழைத்தாலும், அதில் வடநெம்மேலிப் பானைக்குப் பங்கு உண்டு!

ஏன் காட்டினார்கள்?

விஷம் எடுப்பதைக் கதவைச் சாத்திக் கொண்டு செய்திருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால், சங்கம் கதவைத் திறந்து வைத்தது. கட்டணம் வைத்துப் பொதுமக்களை உள்ளே விட்டது.

அதனால் மூன்று நன்மைகள் உண்டாயின.

முதல் நன்மை, வருமானம். விஷம் விற்காத மாதத்திலும் பார்வையாளர் கட்டணம் வரும்.

இரண்டாவது நன்மை, மரியாதை. ஊரின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் இருளர்கள். அங்கே நடுவில் நிற்பவர் இருளர். சுற்றி நின்று கேட்பவர்கள் படித்தவர்கள், பட்டணத்தார், வெளிநாட்டார்!

மூன்றாவது நன்மை, சேதி. பாம்பைப் பார்த்த கண் அகல விரிந்திருக்கும். அப்போது காதும் திறந்திருக்கும். அந்த நேரத்தில் சொல்கிற சேதி மனதில் பதியும்.

நோட்டீஸ் அச்சடித்துத் தெருவில் கொடுத்தால் என்ன ஆகும்? பாதி நோட்டீசில் கடலை மடிப்பார்கள். "ஊதுகிற சங்கை ஊதி வைப்போம், விடிகிற போது விடியட்டும்" என்று சில சங்கங்கள் நோட்டீசோடு கடமையை முடித்து விடுகின்றன. ஊதியவருக்குத் திருப்தி. ஊரோ தூங்கிக் கொண்டே இருக்கும்!

வடநெம்மேலியில் பாம்பே நோட்டீஸ்!

சொல்லும் முறை

நல்ல காரியம் செய்கிறவர்கள் பலர் உண்டு. மாதர் சங்கம், ரத்ததான சங்கம், நூலகச் சங்கம், பள்ளிப் பெற்றோர் சங்கம் என்று எத்தனையோ! "நாங்கள் எவ்வளவோ செய்கிறோம், யாரும் கவனிப்பது இல்லை" என்பது அவர்கள் குறை.

வடநெம்மேலிப் பானையைச் சுற்றி நின்று பார்த்தால், அவர்களுக்கு ஐந்து விஷயங்கள் புரியும்.

ஒன்று: சொல்வதை விடக் காட்டுவது மேல். "பாம்பு தானாக வந்து கடிக்காது" என்று நூறு தடவை சொல்லலாம். பாம்பு மனிதனை விட்டு விலகி ஓடப் பார்ப்பதை ஒரு தடவை கண்ணால் கண்டால் போதும்.

இரண்டு: வேலை செய்கிறவரே பேச வேண்டும். பாம்பைப் பற்றிப் பேராசிரியர் பேசலாம். ஆனால், தினமும் பாம்பைத் தொடுகிற கை பேசினால், அதற்குத் தனி மதிப்பு. கேட்கிறவர் நம்புவார்.

மூன்று: கேட்பவருடைய பேச்சில் பேச வேண்டும். "நச்சுயிரிகளால் ஏற்படும் உயிரிழப்பைத் தவிர்க்கும் வழிமுறைகள்" என்று பலகை எழுதினால், அது பலகைக்கு அழகு. "ராத்திரி வெளியே போனால் டார்ச் விளக்கு எடுத்துப் போ" என்று சொன்னால், அது பாட்டிக்கும் புரியும், பேரனுக்கும் புரியும்.

நான்கு: பயமுறுத்தி மட்டும் விட்டுவிடக் கூடாது. பயந்தவன் தடியைத்தான் தேடுவான். கடித்தால் எங்கே போவது, கடிக்காமல் இருக்க என்ன செய்வது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். பயத்துக்குப் பக்கத்தில் வழியும் இருக்க வேண்டும்.

ஐந்து: இரக்கத்தைக் கேட்காமல் மதிப்பைக் கேட்க வேண்டும். "ஏழை இருளருக்கு உதவுங்கள்" என்று சங்கம் உண்டியல் ஏந்தி நிற்கவில்லை. "எங்களிடம் ஒரு வித்தை இருக்கிறது. அதனால் உங்கள் வீட்டு உயிர் பிழைக்கும்" என்று தலை நிமிர்ந்து நிற்கிறது.

அமெரிக்கா அழைத்தது

மதிப்பைக் கேட்டவர்களுக்கு மதிப்பு கிடைத்தது.

அமெரிக்காவில் புளோரிடா என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே பர்மா மலைப்பாம்புகள் பெருகிவிட்டன. செல்லப் பிராணியாக வளர்ப்பதற்காகக் கொண்டு வந்த பாம்புகள் சதுப்பு நிலத்தில் குடியேறி, அங்குள்ள பிராணிகளை எல்லாம் விழுங்கத் தொடங்கின. அவற்றைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு ஆயிற்று.

2017-ன் தொடக்கத்தில் செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்கள் இருவர் அங்கே அழைக்கப்பட்டார்கள். ஒருவர் வடிவேல் கோபால். மற்றவர் மாசி சடையன். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அதில் ஒன்றின் நீளம் 16 அடி!

அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. உலகப் பத்திரிகைகள் எழுதின. இதற்காக யாரும் விளம்பரம் கொடுக்கவில்லை. செய்த வேலையே விளம்பரம் ஆயிற்று.

2018-ல் விட்டேக்கருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2023-ல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வளையில் கை விட்டவர்கள் ராஷ்டிரபதி பவனில் விருது வாங்கினார்கள்!

திருமணி சொல்லும் பாடம்

இதே செங்கல்பட்டில் இன்னொரு கதையும் உண்டு.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்திய தொழுநோய் போதனை, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முன்பு அது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. 1955-ல் மத்திய அரசு அதை ஏற்றது.

அதே 1955-ல் தேசிய தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்டத்துக்கு மூன்று கால்கள். வீடு வீடாகப் போய் நோயைக் கண்டுபிடிப்பது ஒன்று. மக்களுக்கு எடுத்துச் சொல்வது ஒன்று. சிகிச்சை கொடுப்பது ஒன்று.

எடுத்துச் சொல்வது நடுவில் இருப்பதைக் கவனியுங்கள்! காரணம் உண்டு. நோய் இருப்பதை மறைத்தால் மருந்து எப்படிக் கொடுப்பது? "பூர்வ ஜென்ம பாவம்" என்று ஊர் சொன்னால், நோயாளி எப்படி வெளியே வருவார்?

அதனால், சொல்லையே மாற்றினார்கள். குஷ்டரோகம் என்ற பழைய சொல்லில் இகழ்ச்சி இருந்தது. தொழுநோய் என்ற சொல் வழக்குக்கு வந்தது. "இது ஒரு கிருமியால் வரும் நோய். மருந்தால் குணமாகும்" என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். காந்தி அடிகள் மறைந்த ஜனவரி 30-ந் தேதி தொழுநோய் ஒழிப்பு நாள் ஆயிற்று.

1980-களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. 2005-ம் ஆண்டு முடிவில், நாடு முழுவதுக்கும் சேர்த்துப் பார்த்தால், நோயாளிகள் எண்ணிக்கை 10 ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே வந்தது. நோய் முழுவதும் ஒழிந்துவிடவில்லை. ஆனால், பெரும் பகுதி குறைந்தது.

தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்று சட்டத்தில் இருந்தது. அந்த வாசகத்தைப் பாராளுமன்றம் 2019-ல்தான் நீக்கியது. மருந்து வந்து பல ஆண்டுக்குப் பிறகுதான் சட்டத்தில் இருந்த சொல் போயிற்று. மக்கள் மனதில் உள்ள சொல்லை நீக்குவது அதைவிடக் கடினம்.

பாம்பு விஷயமும் அப்படித்தான்.

பொய்யோடு போட்டி

உண்மை நடந்து போகும். பொய் காரில் போகும்!

"பாம்பு பழி வாங்கும்" என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. 1979-ல் வந்த "நீயா?" போன்ற சினிமாப் படங்கள் அதையே கதையாக்கிக் கூட்டம் சேர்த்தன. "பாம்பு பால் குடிக்கும்" என்று புற்றில் பால் ஊற்றுகிறார்கள். பாம்பின் உணவு எலி, தவளை, பல்லி போன்றவை. பால் அதன் உணவு அல்ல.

இப்போது கைபேசி வந்துவிட்டது. பாம்பைக் கழுத்தில் போட்டுக் கொண்டு படம் பிடித்து அனுப்புகிறார்கள். லட்சம் பேர் பார்க்கிறார்கள். அதைப் பார்த்து ஒரு பையன் பாம்பைப் பிடிக்கப் போனால், யார் பொறுப்பு?

எல்லோரும் பார்த்தார்கள் என்பதற்காக அது நல்ல சேதி ஆகிவிடாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணக் கூடாது. பார்த்தவர்களில் எத்தனை பேர் கட்டிலில் படுத்தார்கள், எத்தனை பேர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று எண்ண வேண்டும். அதுதான் சேதியின் வெற்றி.

குறையை மறைக்கக் கூடாது

நல்ல சங்கத்துக்கு இன்னொரு அடையாளம் உண்டு. தன் குறையை அது மறைக்காது.

ஒரே வகைப் பாம்பின் விஷம் கூட இடத்துக்கு இடம் மாறுகிறது. தமிழ்நாட்டுக் கண்ணாடி விரியனின் விஷம் வேறு. வடநாட்டுக் கண்ணாடி விரியனின் விஷம் வேறு. பெங்களூர் இந்திய அறிவியல் நிலைய ஆராய்ச்சியாளர்கள் இதை எடுத்துக் காட்டினார்கள். ஒரு பகுதிப் பாம்பின் விஷத்தில் தயாரித்த மருந்து, சில பகுதிகளில் குறைவாகவே வேலை செய்கிறது. நான்கு வகையில் சேராத வேறு சில விஷப் பாம்புகளின் கடிக்கும் அது போதவில்லை.

இதை மூடி மறைத்தால் என்ன ஆகும்? ஒரு நாள் வெளியே வரும். அப்போது மக்கள் மருந்தையே நம்ப மாட்டார்கள். மறுபடியும் மந்திரிப்பவரிடம் போவார்கள்.

ஆகவே, இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "இந்த மருந்து உயிர் காக்கும். இதை இன்னும் நல்ல மருந்தாக்க வேண்டும்." இரண்டும் உண்மை.

2020-ல் கொரோனா வந்தபோது முதலைப் பண்ணையை மூடினார்கள். பார்வையாளர்கள் இல்லை, கட்டணமும் இல்லை. ஆனால், முதலைக்குப் பசி உண்டே! பண்ணை நிலைமையை மறைக்கவில்லை. பொதுமக்களிடம் வெளிப்படையாகச் சொல்லி உதவி கேட்டது. விரும்பியவர்கள் ஒரு பிராணியின் தீனிச் செலவை ஏற்றுக் கொள்ளும் திட்டமும் அங்கே உண்டு. கஷ்டத்தை மறைக்காமல் சொல்வதும் நல்ல பேச்சில் ஒரு பகுதிதான்.

அரசு கேட்டது

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பாம்புக் கடியைக் "கவனிக்கப்படாத நோய்கள்" பட்டியலில் சேர்த்தது. பாம்புக் கடிச் சாவுகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று 2019-ல் திட்டம் வகுத்தது. இந்திய அரசு 2024 மார்ச் மாதம் தேசிய செயல் திட்டம் வெளியிட்டது.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு ஓர் அறிவிப்புச் செய்தது. பாம்புக் கடி, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாயிற்று. அரசு ஆஸ்பத்திரி ஆனாலும், தனியார் ஆஸ்பத்திரி ஆனாலும், பாம்பு கடித்து வந்தவர்களின் கணக்கைத் தெரிவிக்க வேண்டும்.

கணக்குத் தெரிந்தால்தான் எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து அனுப்புவது என்று தெரியும். வயலில் இறந்தவரின் சத்தம் இப்போது கோட்டைக்குக் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

வெட்டி ஒட்டி வையுங்கள்

வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டியது இது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

* இருட்டில் நடந்தால் டார்ச் விளக்கு எடுத்துப் போங்கள். வயலுக்குப் போனால் காலை மூடும் செருப்புப் போடுங்கள்.
* தரையில் படுக்காதீர்கள். கட்டிலில் படுங்கள். தரையில்தான் படுக்க வேண்டும் என்றால், கொசுவலையைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிக் கொள்ளுங்கள். கட்டு விரியன் இரவில் வரும். அது கடித்தால் சில நேரம் வலியே தெரியாது.
* வீட்டைச் சுற்றிக் குப்பை, விறகு, செங்கல் குவிக்காதீர்கள். எலி வந்தால் பாம்பு வரும்.
* கடித்துவிட்டால் ஓடாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு இருந்தால் கழற்றி விடுங்கள்.
* கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். கயிற்றால் இறுக்காதீர்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள்.
* 108-க்குப் போன் செய்யுங்கள். நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, தேவை என்றால் மருந்து கொடுப்பார்கள்.

கடற்கரையில் ஒரு கூட்டம்

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா?

பல ஊர்களில் இருந்து இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து கூடுவார்கள். கடற்கரை மணலில் தங்குவார்கள். தங்கள் தெய்வமான கன்னியம்மனை வணங்குவார்கள். திருமணங்கள் நடக்கும். பிள்ளைகள் அலையில் விளையாடும்.

ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தை வேடிக்கை பார்த்தவர்கள், "பாம்பு பிடிக்கிறவர்கள்" என்று சொல்லி ஒதுங்கிப் போனார்கள்.

இன்று அந்தச் சொல்லின் பொருள் மாறிக் கொண்டிருக்கிறது. பாம்பு பிடிக்கிறவர் என்றால், உயிர் காக்கிறவர்.

அந்த மாற்றம் முழுமை அடையவில்லை. இன்னும் பட்டா இல்லாத குடிசை உண்டு. சாதிச் சான்றிதழுக்கு அலையும் பெற்றோர் உண்டு. விருது வாங்கியவர்கள் இருவர். வாய்ப்புக்குக் காத்திருப்பவர்கள் பல்லாயிரம் பேர்.

அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது வடநெம்மேலியில் இறங்குங்கள். பானையைப் பாருங்கள். பாம்பைப் பாருங்கள். அதோடு, பேசுகிற அந்த மனிதரின் பேச்சையும் கேளுங்கள்.

வீடு திரும்பியதும் அவர் சொன்னதைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டார் ஊருக்குச் சொல்லட்டும்.

சேதி வீடு வீடாக நடந்தால், ஒரு பிள்ளையாவது பிழைக்கும். அந்தப் பிள்ளை உங்கள் தெருப் பிள்ளையாகவும் இருக்கலாம்!